ஞாபகம் இருக்கா என்று கேட்பதை நிறுத்திய பிறகு

அப்பா தையல்காரர். மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண்களுக்கு நடுவே ஒரு மிஷின் போட்டு உட்கார்ந்தவர். பிறகு அது நாலு மிஷின் ஆனது. 38 வருஷம் அங்கேயே தைத்தார். யூனிஃபார்ம், ஜாக்கெட், பாவாடை என்று எல்லா வேலையும் வரும். ஆனால் அவர் மனசுக்குப் பிடித்தது சித்திரை மாச வேலைதான். அழகருக்குத் திரி எடுத்து ஆடுபவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கும் உடுப்பு, தலைக்கு உருமால், இடுப்புக்குக் கச்சை. பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ராத்திரி 2 மணிக்கும் மிஷின் சத்தம் கேட்கும்.

அளவு எடுக்கும்போது அப்பா எழுதிக்கொண்டதே கிடையாது. உயரம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம், கைச் சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து, எட்டையும் டேப்பில் பார்ப்பார், அப்படியே போய்த் துணியில் சாக்குக்கட்டியால் கோடு இழுப்பார். நடுவில் இன்னொரு ஆள் வந்து பேசிவிட்டுப் போனாலும் தப்பாது. யார் எவ்வளவு பாக்கி, சீட்டு யாரிடம் எத்தனை மாசம் கட்டியிருக்கிறது, மிஷின் பெல்ட் எப்போது மாற்றியது, எல்லாம் தலைக்குள்தான். அந்தத் தலைக்கு வந்தது மூளைக் காய்ச்சல்.

சில வருஷங்களுக்கு முன் புதுமண்டபத்துக் கடைகளைப் பக்கத்தில் இருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அங்கே போய் ஒன்றரை வருஷம் இருக்கும். அப்பாவுக்கு அப்போது 61 வயது. ஒரு புதன்கிழமை காய்ச்சல், நெற்றிப்பொட்டில் வலி. மறுநாள் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு, "துணி கருகுற வாடை வருது, அயர்ன் பாக்ஸை அணைச்சியா?" என்றார். அயர்ன் பாக்ஸ் அலமாரியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. அன்று ராத்திரிக்குள் அம்மா வீட்டில் இருந்த பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் சொல்ல வராமல் "இது... இது வெட்டுறது" என்றார். எரிச்சலே படாத மனிதர், பால்காரரிடம் கத்தினார்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் இரண்டு தடவை காட்டினோம். வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்பா பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னதற்கு, காய்ச்சல் வேகத்தில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். சனிக்கிழமை விடிகாலையில் வலிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. காய்ச்சலோடு சேர்ந்து ஒருவரின் பேச்சோ நடத்தையோ மாறினால், இல்லாத வாடை வருகிறது என்று சொன்னால், தெரிந்த பொருளின் பெயர் வராமல் திணறினால், அது காத்திருந்து பார்க்கிற காய்ச்சல் இல்லை. அன்றைக்கே, அந்த மணியிலேயே, ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு வந்தது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வரும் மூளை அழற்சி. காய்ச்சல் சமயத்தில் உதட்டோரத்தில் கொப்புளம் போடுமே, அதற்குக் காரணமான அதே வைரஸ்தான். பெரும்பாலானவர்கள் உடம்பில் சும்மா கிடக்கும். அபூர்வமாகச் சிலருக்கு மூளைக்குள் போய்விடுகிறது. போனால் நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதியைத்தான் முதலில் பிடிக்கும். வாடையும், பேச்சும், புது நினைவைப் பதிந்து வைப்பதும் அந்தப் பக்கத்து வேலைகள். அந்தத் துணி கருகுற வாடையே சின்ன வலிப்புதான் என்று பிறகு டாக்டர் சொன்னபோது அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே அசைக்ளோவிர் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 21 நாள். சிகிச்சை இல்லாவிட்டால் 10 பேரில் 7 பேர் பிழைப்பதில்லை. மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு மூளை மிஞ்சும். அப்பா பிழைத்தார். ஆனால் எங்களுக்கு அந்த இரண்டு நாள் நஷ்டம் நஷ்டம்தான்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை. எழுந்து உட்கார்ந்து தினசரி படித்தார். வார்டில் எல்லோரிடமும் கலகலவென்று பேசினார். குணமாகிவிட்டது என்று அம்மா மீனாட்சிக்கு நேர்ந்துகொண்டதை முடிக்கக் கிளம்பினார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா தினசரியின் முதல் பக்கத்தைப் படித்து முடித்தார், மடித்தார், விரித்தார், மறுபடியும் முதல் பக்கத்தைப் படித்தார். அதே செய்திக்கு அதே மாதிரி "அட பாவமே" என்றார். நான் குளிக்கப் போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பியபோது, "வாத்தா, எப்ப வந்த? சாப்ட்டியா?" என்றார். காலையிலிருந்து அவரோடுதான் இருந்தேன்.

டாக்டர் வந்து மூன்று வார்த்தை சொன்னார்: எலுமிச்சை, செருப்பு, பாலம். அப்பா பட்டென்று திருப்பிச் சொன்னார். ஆறு எண்களைச் சொல்லிப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், அதையும் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, அந்த மூன்று வார்த்தை என்ன என்று கேட்டார். "எந்த மூணு வார்த்தை சார்?" என்றார் அப்பா. வார்த்தைகள் மட்டுமில்லை, அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதே இல்லை அவருக்கு.

பிறகு டாக்டர் பையிலிருந்து ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்துக் காட்டினார். செங்கோட்டை படம் போட்ட சாம்பல் நிற நோட்டு. அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார். "கள்ள நோட்டு சார். உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். 2016 கடைசியில் வந்த அந்த நோட்டே அவர் மனசில் இல்லை. கொரோனா இல்லை. கடையை மாற்றியது இல்லை. என் மகள் பிறந்தது, அங்கங்கே கிழிந்த மாதிரி, ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. அதற்கு முந்தையதெல்லாம் பத்திரமாக இருந்தது. தன் முதல் மிஷினை யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார் என்று ரூபாய் கணக்கோடு சொன்னார்.

சினிமாவில் காட்டுவது மாதிரி தான் யார் என்றே தெரியாமல் போவது உண்மையில் ரொம்ப அபூர்வம். அப்பாவுக்குத் தன் பெயர் தெரியும், என்னைத் தெரியும், அம்மாவோடு நடந்த முதல் சண்டை தெரியும். அவருக்கு இல்லாமல் போனது இன்று காலை. நோய்க்குப் பிறகு நடப்பது பதியாமல் போவது ஒரு வகை, நோய்க்கு முன் நடந்தது அழிந்துபோவது இன்னொரு வகை, அப்பாவுக்கு இரண்டும். பின்னோக்கி அழியும்போது கிட்டத்தில் நடந்தது முதலில் போகும், தூரத்தில் நடந்தது நிற்கும். பிரான்ஸ் நாட்டு உளவியலாளர் தெயோடூல் ரிபோ 1881லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். முதுமையில் வரும் மறதி நோயும் இதுவும் ஒன்றல்ல என்பதை எங்களுக்குப் புரிய வைக்கவே டாக்டருக்கு நேரம் பிடித்தது. மறதி நோய் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும், நினைவோடு நிற்காமல் மற்றத் திறமைகளையும் எடுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு நெருப்பு அணைந்துவிட்டது. எரிந்த இடம் எரிந்ததுதான், ஆனால் மேற்கொண்டு பரவாது. முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் கொஞ்சம் தேறவும் செய்யலாம் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் சொந்தபந்தம் பரீட்சை வைக்க ஆரம்பித்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருகிற ஒவ்வொருவரும் அப்பா முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க பாப்போம்? போன வாரம் வந்தேனே ஞாபகம் இருக்கா?" என்பார்கள். பாசத்தில்தான் கேட்டார்கள், தெரியும். அப்பா கழுத்து வேர்க்கும். சட்டைப் பட்டனை உருட்ட ஆரம்பிப்பார். தெரிந்த கேள்விக்குச் சரியாகச் சொல்வார், தெரியாததற்குச் சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார். அவர்கள் போன பிறகு பொழுதெல்லாம் சுணங்கிப் படுத்திருப்பார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

இதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகப் புரிந்துகொண்டேன். நடந்தது மறந்துவிடும், நடந்ததால் வந்த வலி மறக்காது. 1911இல் வெளியான ஒரு குறிப்பு இது: ஜெனீவாவில் எத்வார் கிளாபரேத் என்ற மருத்துவர் நினைவு இழந்த ஒரு பெண்ணுக்குக் கை கொடுக்கும்போது விரலிடுக்கில் ஓர் ஊசியை மறைத்துக் குத்தினார். அந்தப் பெண்ணுக்கு அது சீக்கிரமே மறந்துபோனது. ஆனால் மறுபடி அவர் கை நீட்டியபோது கையை இழுத்துக்கொண்டார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. 2010இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இப்படி நினைவு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சோகப் படக் காட்சிகளைக் காட்டிப் பார்த்தார்கள். காட்சி மறந்துபோன பிறகும் சோகம் தங்கியிருந்தது. மறந்துதானே போகப் போகிறார் என்று நினைத்து ஒரு வார்த்தையை வீசிவிடாதீர்கள். வார்த்தை போய்விடும், ஊசி உள்ளேயே இருக்கும்.

நான் வீசியிருக்கிறேன். ஒரு நாள் சித்தப்பா வந்திருந்தார். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு அப்பா, "அழகர்கோயில் வரைக்கும் போயிட்டு வந்தேன். உருமால் 40 கேட்டிருந்தாங்க, கொடுத்துட்டு மலைக்கு மேல ஏறி நூபுர கங்கையில குளிச்சேன், என்னா தண்ணி!" என்று விவரமாகச் சொன்னார். முந்தைய நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார். "ஏம்ப்பா இப்படிப் பொய் சொல்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அப்பா முகம் சுருங்கியதை என்னால் மறக்க முடியாது. அது பொய்யே இல்லை. பொய் சொல்பவருக்கு உண்மை தெரியும். அப்பாவின் மனசு நேற்று என்ற காலியிடத்தைப் பழைய துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுப்போடுகிறது, அது ஒட்டு என்று அவருக்கே தெரியாது. குடிப்பழக்கத்தாலும் சரியான சாப்பாடு இல்லாததாலும் பி1 வைட்டமின் வற்றி வரும் கோர்சகாஃப் நோயிலும் இதே மாதிரி இட்டுக்கட்டிப் பேசுவார்கள். திருத்தவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "நூபுர கங்கைத் தண்ணி அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்று அந்தப் பேச்சில் எது உண்மையோ அதைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கடை விஷயத்தில்தான் எங்களுக்குப் பெரிய போராட்டம். காலையில் 9 மணி ஆனால் குளித்து, விபூதி பூசி, செருப்பை மாட்டிக்கொண்டு "மண்டபத்துக்குப் போயிட்டு வர்றேன்" என்று கிளம்புவார். மண்டபத்தில் கடை இல்லை என்று அம்மா சொல்வார். "என்ன சொல்ற? கடை இல்லையா? எப்ப? யாருகிட்ட கேட்டு?" அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிற அதிர்ச்சி. ஒவ்வொரு நாளும் அதே அதிர்ச்சி. ஒரு நாள் நாங்கள் கவனிக்காத நேரத்தில் போயே விட்டார். பூக்கட்டுகிற அக்கா ஒருவர் போன் பண்ணினார். போய்ப் பார்த்தால் மண்டபத்துக்கு எதிரே வெயிலில் நின்றுகொண்டு, போவோர் வருவோரிடம் "என் மிஷின் நாலும் எங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்டதில் எங்களுக்கு வழி இருந்தது. இடம் போனதை விட மிஷினுக்கு என்ன ஆனது என்பதுதான் அவர் பயம். அன்று சாயங்காலம் ஒரு நோட்டைக் கொடுத்து அவரையே எழுதச் சொன்னேன். அவர் கையெழுத்தில், அவர் பேச்சில்: "கடையைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு. எல்லாக் கடையும் மாறியாச்சு. மிஷின் நாலும் பத்திரமா இருக்கு. வாடிக்கை எல்லாரும் அங்க வர்றாங்க." கீழே கையெழுத்தும் போட்டார். மறுநாள் காலையில் வாய் திறந்து எதுவும் சொல்லாமல் நோட்டைக் கையில் கொடுத்தேன். படித்தார். இரண்டு தடவை படித்தார். "நான் எழுதினதா இது? சரி, அப்ப சத்திரத்துக்குப் போவோம்" என்றார். அடுத்தவர் சொன்னால் அடியாக விழுகிற செய்தி, தன் கையெழுத்தில் இருந்தால் தகவலாகிவிடுகிறது. இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், எந்தச் செய்தி அவரை அலைக்கழிக்கிறது என்று பாருங்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் பயம் எது என்று பாருங்கள். அந்தப் பயத்துக்கான பதிலை அவரையே எழுத வையுங்கள்.

நோட்டைப் பார்க்க வேண்டும் என்பதே மறந்துபோகுமே என்று நீங்கள் கேட்கலாம். மறந்துதான் போனார். முதல் இரண்டு மாதம் நோட்டு ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். நான் அதிலும் ஒரு தப்புச் செய்தேன். "மாத்திரை டப்பா எங்க இருக்கு? யோசிங்கப்பா, நல்லா யோசிங்க" என்று கேட்பேன். மூளைக்குப் பயிற்சி என்று நினைப்பு. அப்பா ஒரு நாள் குத்துமதிப்பாகப் பூஜை அலமாரியைத் திறந்தார். அங்கே இல்லை என்றேன். மறுநாளும் பூஜை அலமாரி. அடுத்த நாளும். மூன்று வாரம் பூஜை அலமாரிதான். நமக்கு ஒரு தடவை தப்பினால், தப்பினோம் என்ற ஞாபகம் நம்மைத் திருத்தும். அவருக்குத் தப்பினது ஞாபகம் இருக்காது, கை போன வழி மட்டும் பதிந்துவிடும். இங்கிலாந்தில் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண்மணி சொன்னார்: நினைவு பாதித்தவரை ஊகிக்க விடாதே, தப்பே நடக்காதபடி முதலிலேயே சரியானதைக் காட்டிக் கொடு, திரும்பத் திரும்பக் காட்டு, உன் உதவியை மெல்ல மெல்லக் குறை.

அப்படியே செய்தோம். போனில் காலை 8, மதியம் 1, சாயங்காலம் 6, ராத்திரி 8 என்று நாலு அலாரம். அலாரம் அடித்ததும் நாங்கள் யாராவது ஒரே வாக்கியத்தைச் சொல்வோம்: "நோட்டைப் பாருங்க." சொல்லும்போதே அவர் கையைப் பிடித்து நோட்டின் மேல் வைப்போம். கொஞ்ச வாரத்தில் கையைப் பிடிப்பதை நிறுத்தினோம். பிறகு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினோம். ஐந்தாவது மாதம் அலாரம் அடித்ததும் அப்பா தானாகவே நோட்டை எடுத்தார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் தெரியாது என்பார். நோட்டு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டு, காலண்டர் மூலை, கைமேல் எழுதுவது என்று சிதறினால் எதுவும் வேலைக்கு ஆகாது. ஒரே நோட்டு, ஒரே இடம், ஒரு கயிற்றில் கட்டிய பேனா. வீட்டில் எந்தச் சாமானையும் இடம் மாற்றக் கூடாது. அம்மா இரண்டு வருஷமாக அலமாரி ஒன்றைக்கூட நகர்த்தவில்லை.

இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு டாக்டர் சொன்னது ஹென்றி மொலைசன் கதை. அமெரிக்கர். வலிப்புக்காக 1953இல், 27ஆவது வயதில், மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கையும் அதைச் சுற்றியிருந்ததையும் எடுத்துவிட்டார்கள். 2008இல் இறக்கும்வரை அவருக்குப் புதிதாக நடந்தது மனசில் நிற்கவே இல்லை. அவரை வருஷக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தைக் கோட்டுக்குள் வரையச் சொன்னார். மூன்று நாளில் மொலைசன் கை நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவைதான். நடந்ததை வைத்திருக்கும் நினைவு வேறு, கைப்பழக்கத்தை வைத்திருக்கும் நினைவு வேறு, இரண்டுக்கும் மூளையில் தனித்தனி இடம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அந்தக் கதையைக் கேட்ட மறுநாள் வீட்டு மிஷினின் உறையை எடுத்து அப்பா முன்னால் வைத்தேன். நூலை ஈரப்படுத்தி ஊசியில் கோர்த்தார். பாபினைச் சுற்றிக் கேஸில் போட்டு டக்கென்று உள்ளே தள்ளினார். ஒரு துண்டுத் துணியை மடித்து, மிதியில் கால் வைத்து, நேர்கோட்டில் ஓட்டினார். தையல் முன்னைப் போலவே மணி மணியாக இருந்தது. அம்மா அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்போது கடையைப் பார்த்துக்கொள்வது அப்பாவிடம் தொழில் கற்ற ஒரு தம்பி. அப்பா காலையில் மூன்று மணி நேரம் போகிறார். அளவெடுப்பதும் வெட்டுவதும் தம்பி வேலை, ஏனென்றால் டேப்பில் 36 என்று பார்த்துவிட்டு மேஜைக்கு வருவதற்குள் யாராவது கூப்பிட்டால் அந்த 36 போய்விடும், வெட்டின துணியை ஒட்ட முடியாது. காஜா எடுப்பது, ஹெம்மிங், கை ஏற்றுவது, பட்டன் கட்டுவது எல்லாம் அப்பா. ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தியிருக்கும். செய்ய வேண்டியது வரிசையாக எழுதியிருக்கும். ஒன்றை முடித்ததும் சாக்குக்கட்டியால் டிக் போடுவார். டிக் போடாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது தம்பி வைத்த சட்டம். ஒரு தடவை போடாமல் எழுந்து டீ குடித்துவிட்டு வந்து, எடுத்த காஜாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசைக் காஜா எடுத்துவிட்டார். அந்தச் சட்டைக்குத் தம்பி பணம் வாங்கவில்லை, அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிசு.

பணம் அப்பா கையில் இல்லை. ஆரம்பத்தில் ஒருவர், தர வேண்டிய பாக்கியை "நேத்தே உங்க கையில கொடுத்தேனேண்ணே" என்று சொல்லிப் போய்விட்டார். அப்பாவால் மறுக்க முடியவில்லை, நேற்று அவரிடம் இல்லையே. சீட்டுப் பணம் யார் யாரிடம் இருந்தது என்பதில் கடைசி ஏழு வருஷத்துக் கணக்கு அப்படியே போய்விட்டது. வங்கிக் கணக்கு அவர் பேரில் மட்டும். ஒரு பத்திரத்தைப் புரிந்து, மனதில் நிறுத்தி, யோசித்துக் கையெழுத்துப் போட முடியாத நிலையில் பவர் எழுதி வாங்குவதும் சட்டப்படி நிற்காது என்றார் வக்கீல். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில், எல்லாம் என் தலையில் இருக்கிறது என்று சொல்கிற ஒருவர் நல்லபடியாக இருந்தால், இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். வங்கிக் கணக்கில் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இன்னொரு பேரைச் சேருங்கள். பாலிசி, பாண்டு, நகை அடகுச் சீட்டு எங்கே என்று எழுதி வையுங்கள்.

வலிப்பு மாத்திரை ஓடுவதால் டி.வி.எஸ். வண்டியை விற்றுவிட்டோம். மாத்திரை, கிழமை எழுதிய டப்பாவில். போட்டதை மறந்து மறுபடியும் போட்டுவிடுவார் என்பதால் மீதி டப்பா பூட்டில். இன்னொன்று, அப்பாவே செய்தது. அவர் சட்டை ஒவ்வொன்றிலும் பைக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் துண்டு, அதில் என் போன் நம்பர். எழுதினால் துவைப்பில் போகும் என்று சிவப்பு நூலில் எண்களைத் தைத்துவிட்டார். நான் கேட்டுத்தான் தைத்தார், எதற்கென்று அன்று சாயங்காலமே மறந்தும் போனார். துண்டு ஒன்றுகூட இன்னும் பிரியவில்லை.

எங்கள் தெருவில் விஷயம் தெரிந்ததிலிருந்து பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள், எங்கள் வீட்டிலும் மறதி, இதுவாக இருக்குமோ என்று. நான் டாக்டர் இல்லை, டாக்டரிடம் அனுப்புவதோடு சரி. ஆனால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். பி12 குறைவாலும் தைராய்டு குறைவாலும் மறதி வரும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தலையில் லேசாக அடிபட்டுச் சில வாரம் கழித்து, மண்டைக்குள் இரத்தம் தேங்கியும் வரும். வயதானவர்களுக்கு இது அதிகம், சர்ஜரியில் பெரும்பாலும் சரியாகும். தூக்க மாத்திரை சிலருக்கு நினைவை மங்க வைக்கும். பின்தெருவில் ஒரு டீச்சர், 58 வயது, ஒரு நாள் காலை திடீரென்று "இன்னிக்கு என்ன கிழமை? நான் ஏன் இங்க இருக்கேன்?" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்க ஆரம்பித்தார். மற்றபடி பேச்சு, நடை எல்லாம் சரி. சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டார், அந்தக் காலைப் பொழுது மட்டும் திரும்பவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் தானாகத் தெளிகிற தற்காலிக மறதி அது. ஆனால் அது அதுதானா, பக்கவாதமா என்று வீட்டில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. அவர் மகன் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் சரி.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "சாப்டாச்சா?" என்ற ஒரே கேள்விக்கு அம்மா ஒரு மதியத்தில் 23 தடவை பதில் சொன்னதை நான் எண்ணியிருக்கிறேன். இருபதாவது தடவைக்கும் குரல் ஏறவில்லை. ஆனால் ராத்திரியில் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நிற்பார். முதல் வருஷம் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி மயங்கி விழுந்தார். பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது அந்த வீட்டை விட்டு வெளியே போக இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவோடு இருக்கிறேன், அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே போய்த் தூங்குகிறாராம். இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கும் ஒரு பழக்கம் ஏற்படுத்திவிட்டோம். வாசலிலேயே சொல்லிவிடுவேன். உள்ளே வந்ததும், "அண்ணே, நான் தெற்குமாசி வீதி ஜவுளிக்கடைக்காரன், உங்ககிட்ட யூனிஃபார்ம் தைக்கக் கொடுப்பேன்" என்று அவர்களே பேர் ஊர் சொல்லித் தொடங்க வேண்டும். ஞாபகம் இருக்கா என்ற வார்த்தை எங்கள் வீட்டில் கிடையாது. என் மகளுக்கு ஐந்து வயது, அவளும் கேட்பதில்லை. "தாத்தா, நான் உங்க பேத்தி, எனக்குப் பாவாடை தைக்கணும்" என்று போய் மடியில் ஏறிக்கொள்கிறாள். அவர் பட்டனை உருட்டுவது நின்றுவிட்டது.

போன மாசி மாதம் ஒரு நாள். வழக்கம்போல நானும் அப்பாவும் கடைக்கு நடந்தோம். ஒன்றரை வருஷமாக அதே தெரு, அதே பக்கம், அதே நேரம். புதுமண்டபம் வந்ததும் அப்பா கால் நிற்கும், நான் நோட்டைக் காட்டுவேன், பிறகு நகர்வோம். அன்று சித்திரைக்கு உருமால் துணி எங்கே மலிவு என்று பேசிக்கொண்டே வந்தார், நானும் பேச்சில் இருந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது மண்டபம் எங்களுக்குப் பின்னால் போயிருந்தது. அப்பா எனக்கு ஓரடி முன்னால், தானாகச் சத்திரத்துக்குள் திரும்பி, படியேறி, வரிசையில் எங்கள் கடை முன்னால் போய் நின்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "நல்ல வெளிச்சமா இருக்குத்தா. நான் இங்க வந்ததே இல்ல" என்றார். அவருக்காகவே, அவர் நோயிலிருந்து எழுந்து வந்த பிறகு, தம்பி மிஷினுக்குப் பின்சுவரில் ஓர் ஆணி அடித்திருந்தான். சொல்லிக்கொண்டே அப்பா, திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, அந்த ஆணியில் தொங்கிய இஞ்ச் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.